பீப்பாய்ப் பெட்டியின் இரண்டாம் துளை

யூஜின் ஸ்டானிஸ்லாஸ் கொஸ்மாட்கா, 1928–2006. மில்வாக்கி நகரின் தென்பகுதியில் பிறந்தார். பிறந்த வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இறந்தார். இடைப்பட்ட காலத்தில் பல்சக்கரத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினார், லொரெய்னை மணந்தார், வெள்ளிக்கிழமை மாலைகளைத் தெருமுனையிலிருந்த கிளாரன்ஸ் புட்ஜின்ஸ்கியின் மதுக்கடையில் பொரித்த மீனும் பீரும் சீட்டுமாகக் கழித்தார்.

தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை விட்டு நேரே கடைக்கு வரும் கூட்டமும் கரைந்தது. 1993 வசந்தத்தில் கிளாரன்ஸ் கடையை விற்றார். வாங்கியவர்கள் அதை மின்விளக்கின் கீழ்ப் படுத்து உடம்பைக் கறுக்க வைத்துக்கொள்ளும் நிலையம் ஆக்கினார்கள்.

"நாம சும்மா குடிச்ச இடத்துல இனிமே காசு குடுத்துக் கறுக்கப் போறாங்களாம்" என்றார் ஹார்வி. சீட்டில் யூஜினுக்கு எதிர்க்கை அவர்தான்.

"நீ என்னிக்குடா சும்மா குடிச்சே? எல்லாம் என் கணக்குலதானே" என்றார் யூஜின்.

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. மனைவியை இழந்தவர், ஒரே மகள் அரிசோனாவில் இருந்தாள், அங்கேயே வந்துவிடும்படி அழைத்துக்கொண்டிருந்தாள். கோடை முழுவதும் அவர் வீட்டுத் திரைச்சீலை விலகவில்லை. இப்படியே விட்டால் பனிக்காலத்துக்குள் அவர் போய்விடுவார் என்பது யூஜினுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டுதான் லொரெய்ன் சமையலறைக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருந்தாள். பழையது நிலவறைக்கு இறங்கியது. அதன் தட்டுகளை யூஜின் கழற்றி எடுப்பதைப் படியில் நின்று அவள் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ் பலகாரம் வைக்கன்னு நான் நினைச்சிருந்த ஃபிரிட்ஜு அது."

"கதவோட கீழ்த்தட்டு உனக்குத்தான், லொரெய்ன். உன் மீன் ஊறுகா பாட்டிலை எவன் தொடப் போறான்?"

"தொட்டா கை இருக்காது. ஹார்வி கிட்ட சொல்லி வை."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிலவறைக்கே கொண்டுவருவது யூஜினின் எண்ணம். பெட்டிக்குள் பீர்ப் பீப்பாயும் பீரைத் தள்ளும் கரியமில வாயு உருளையும் அடங்கின. கதவுக்குள் குளிர்வாயுக் குழாய் ஓடுவதில்லை என்பதால், எல்லோரும் செய்வதுபோல யூஜினும் கதவிலேயே துளையிட்டு பீர்க் குழாயைப் பொருத்தினார். கடை மூடிய நாளில் கிளாரன்ஸ் நினைவாகக் கொடுத்த மரக் கைப்பிடியை அதில் திருகினார். முதல் தம்ளர் முழுக்க நுரையாக வந்தது.

"குடிக்கவா, சவரம் பண்ணிக்கவா?" என்று கேட்டார் ஹார்வி. உள்ளே ஓடும் ரப்பர்க் குழாயை நீளமாக்கிச் சுருட்டி வைத்தபின் பீர் தெளிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை கிளாரன்ஸ் வந்தார். யூஜின் பலகையால் அடித்திருந்த மேடையின் முன் முக்காலியில் உட்கார்ந்தார். அடுத்த தம்ளர் தன் செலவு என்பதற்கு அடையாளமாக, கடை வழக்கப்படி ஒரு சிறு குவளையை அவர்முன் கவிழ்த்து வைத்தார் ஹார்வி. அதே குவளைகளை ஆயுள் முழுவதும் பிறருக்காகக் கவிழ்த்த மனிதர், யாரோ தவறுதலாக விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். தாகம் எடுத்தவர்கள் எழுந்து பெட்டிவரை போய்த் தாமே பிடித்துக்கொண்டார்கள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிளாரன்ஸ் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"மழை வரும் போல இருக்கு" என்று எழுந்தார். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அவர் படியேறுவதைப் பார்த்தபோதுதான் யூஜினுக்கு உறைத்தது: இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் கிளாரன்ஸின் முதுகை அவர் பார்த்ததே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளாரன்ஸ் வரவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் விற்பனைப் பலகை நட்டிருந்தது.

யூஜின் முக்காலியில் தனியே உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தார். ஊற்றுகிறவன் மேடைக்குப் பின்னால், எல்லோர் முகத்தையும் பார்த்தபடி நிற்க வேண்டும். அதற்குப் பெட்டியை மேடையின் ஓரத்துக்குத் தள்ளி, குழாயை அதன் பக்கச் சுவரில் வைக்க வேண்டும். கதவையே அந்தப் பக்கம் திருப்பலாமென்றால், வெந்நீர்க் கொதிகலன் தடுத்தது. கதவைத் திறந்து பீப்பாய் மாற்ற முடியாது. பக்கச் சுவருக்குள்ளோ குளிர்வாயுக் குழாய் எங்கே வளைந்து ஓடுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அதில் துளை விழுந்தால் பெட்டி செத்தது.

லொரெய்னிடம் சோள மாவு கேட்டு வாங்கினார். புண்ணுக்குத் தடவும் ஸ்பிரிட்டில் அதைக் கரைத்துப் பக்கச் சுவர் முழுவதும் பூசி, மோட்டாரை ஓடவிட்டார்.

"இதென்ன, ஃபிரிட்ஜுக்குப் பவுடர் போட்டு எங்க கூட்டிட்டுப் போகப் போறே?"

"மோட்டார் ஓடினா உள்ள குழா ஓடுற இடம் சூடாகும். அங்க மட்டும் முதல்ல காஞ்சு வெளுக்கும். அதை விட்டுத் தள்ளித் துளை போடணும்."

"தப்பிப் போச்சுன்னா?"

"தப்பிப் போச்சுன்னா கிளாரன்ஸ் அரிசோனா போயிடுவான்."

லொரெய்ன் போய் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்தாள். இருவரும் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்து ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல, யாரோ சுண்ணக்கட்டியால் இழுத்ததுபோல, வெள்ளைக் கோடுகள் தோன்றின. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓர் உள்ளங்கை அகலம் கருத்துக் கிடந்தது. யூஜின் அங்கே பென்சிலால் புள்ளி வைத்தார், மோட்டாரை நிறுத்தினார், டிரில்லை ஊன்றினார். தகடு கீச்சிட்டது, நடுப் பஞ்சு நெகிழ்ந்தது, உள் பிளாஸ்டிக்கும் விட்டுக்கொடுத்தது. காதைச் சுவரில் வைத்துக் கேட்டார்.

"சீறுதா?" என்றாள் லொரெய்ன்.

"இல்ல."

"நல்லாக் கேளு."

"இல்லம்மா."

குழாயையும் மரக் கைப்பிடியையும் புதுத் துளைக்கு மாற்றியபின், வெள்ளிக்கிழமை யூஜின் கிளாரன்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "குழா என் கைக்குப் படிய மாட்டேங்குது. நுரையாக் கொட்டுது. நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடா."

கிளாரன்ஸ் வந்தார். முக்காலிகளைக் கடந்து நேரே மேடைக்குப் பின்னால் போனார். தம்ளரைச் சாய்த்துப் பிடித்துக் கைப்பிடியை இழுத்தார். இரண்டு விரல்கடை நுரையோடு பீர் நின்றது.

"இதுல என்னடா கோளாறு?"

"அப்ப என் கையிலதான் இருக்கு" என்றார் யூஜின்.

கிளாரன்ஸ் அந்தத் தம்ளரை யூஜின்முன் நகர்த்தி வைத்தார். பிறகு தலைக்குமேல் துணிக்கொடியில் காய்ந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஹார்வி தம்ளரை நீட்டினார்.

"உனக்கு இது ஒன்னுதான், ஹார்வி. நீ ஏற்கெனவே எங்கயோ ஊத்திட்டு வந்திருக்கே. உன் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

"கடை போயும் இந்த அதிகாரம் போகலியே!" என்றார் ஹார்வி, முகமெல்லாம் மலர்ந்து.

கிளாரன்ஸ் வீட்டு முற்றத்துப் பலகை எப்போது பிடுங்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. கதவிலிருந்த பழைய துளையைத் தக்கையால் அடைத்து, லொரெய்ன் அதன்மேல் தேவாலய நாட்காட்டியை மாட்டினாள். பல பனிக்காலங்கள் அந்த நிலவறையில் மீன் வாசனையும் சீட்டுச் சண்டையுமாகக் கழிந்தன. யூஜின் ஒருநாளும் மேடைக்குப் பின்னால் போகவில்லை. தம் வீட்டு பீருக்குத் தாமே காத்திருந்தார். காலியான தம்ளரை அவர் கடைசியாகக் கிளாரன்ஸின் பக்கம் நகர்த்தி வைத்தது 2006 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை.