கஸ்பரின் வெள்ளை நூல்

எனக்கு வாய் நீளம். என் மனைவி செல்வமலர் இதைக் கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். அந்த வாய் கஸ்பரை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கும் தெரியாது.

கஸ்பர் மன்னார்க் கத்தோலிக்கன். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தான். பெற்றோல் ஷெட்டில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசை. கழுத்தில் சிலுவை, கையில் பிக்குமார் பிரித் ஓதிக் கட்டுகிற வெள்ளை நூல்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவனை ஒளித்து வைத்தவள் வீட்டுக்காரி சோமாவதி. செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தும் புத்த சமயத்துச் சிங்கள மனுசி. தன் கை நூலை அவிழ்த்து இவனுக்குக் கட்டி, கத்தியோடு வாசலில் நின்றவர்களிடம் "என் அக்காவின் மகன்" என்றாளாம். அவன் லண்டன் வந்த பிறகும் வருசாவருசம் வெசாக் பண்டிகைக்குக் கடிதத்துக்குள் புது நூல் வைத்து அனுப்புவாள். இவனும் கட்டிக்கொள்வான்.

தொண்ணூற்றொன்றில் குருமூர்த்தியின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டு மேசையில் கஸ்பரின் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்கோ, எங்கட கஸ்பர் அவையளின்ர ஆளாகிட்டான். மாதா மாதம் கொழும்பிலயிருந்து கடிதம் வருது."

வருசத்துக்கு ஒரு கடிதத்தை என் வாய் மாதத்துக்கு ஒன்றாக்கியது. எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்தான். ஓரத்தில் இருந்த, இயக்கத்துக்குக் காசு சேர்க்கிற இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை அந்த இருவரும் பெற்றோல் ஷெட்டுக்குப் போனார்கள். "தம்பி சூசைதாசன் ஊரிலதானே?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, பெற்றோல் அடிக்காமலே திரும்பிவிட்டார்களாம்.

"அவையளுக்கு என்ர தம்பியின்ர பேர் எப்பிடித் தெரியும், யோகண்ணை?"

"சும்மா விசாரிச்சிருப்பினம்," என்றேன். அப்போதே அவர்களிடம் போய், நான் சொன்னது வெறும் பகிடி என்று சொல்லியிருக்கலாம். பயம். என் தம்பியும் ஊரில்தான் இருந்தான்.

மூன்றாம் கிழமை கஸ்பரின் தாய் எழுதியிருந்தாள். சூசைதாசனை யாரோ விசாரணைக்கென்று கூட்டிப் போனார்களாம். உடுத்த சாரத்தோடு போனவன் திரும்பவில்லை. கஸ்பர் நூலை அறுத்து எறிந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அவ புத்தம், நான் வேதக்காரன். அதுக்குள்ள வேற ஒண்டுமில்லையெண்டு சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னால் கேப்பினம். தம்பியை விடுவினம்."

அந்த இருவருக்கும் முன், அவர்களைத் தெரிந்த குருமூர்த்திக்குப் போன் எடுத்தேன். கஸ்பர் சொன்னதை நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்.

"அண்டைக்கு ஒரு கதை சொன்னனீங்கள். இண்டைக்கு இப்பிடிச் சொல்லச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது, யோகலிங்கம்?"

அந்த இருவருக்கும் நான் போன் எடுக்கவில்லை.