வண்டிக் கதவைத் திறந்தவர்

கென்யாவில் வேலை செய்யும் என் தம்பி எங்களை விடுமுறைக்குக் கூப்பிட்டான். காட்டு விலங்குச் சரணாலயம் ஒன்றுக்குப் போகவும் ஒழுங்கு செய்திருந்தான். ஆயத்தமெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. செட்டிபாளையத்திலிருந்து கணவரையும் மகளையும் கொழும்புக்குக் கூட்டிப்போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுவித்தேன். மலேரியாக் குளிசைகளை நேரம் தவறாமல் கொடுத்தேன். கறுப்பும் கடும் நீலமும் அங்குள்ள ஒருவகைக் கடி ஈயை இழுக்கும் என்று வாசித்ததால், மண்ணிறத் துணியில் நீளக்கைச் சட்டைகள் தைப்பித்தேன்.

"காட்டுக்குப் போறமா, ஆமிக்குப் போறமா?" என்று கணவர் சிரித்தார்.

சரணாலயத்து வாசலிலேயே சாரதி சொல்லிவிட்டார்: என்ன நடந்தாலும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கணவர் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார்.

பாதையோரத்தில் ஒரு தாய் யானை குட்டியோடு நின்றது. சாரதி வண்டியைத் தள்ளி நிறுத்தினார். நான் மகளுக்குத் தூரக்கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், கணவர் கீழே நிற்கிறார். யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்தபடி.

யானை காதுகளை விரித்தது. பிளிறிக்கொண்டு ஓடி வந்தது. சாரதி பாய்ந்து அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவு திறந்தபடியே வண்டி பின்னால் ஓடியது. மகள் என் மடியில் முகத்தைப் புதைத்து அலறினாள். கொஞ்சத் தூரம் துரத்திவிட்டு யானை நின்றது. வண்டியை நிறுத்தியதும் சாரதி கதவை இழுத்துச் சாத்தினார். மேலிடத்துக்குத் தெரிந்தால் தன் வேலையே போய்விடும் என்றார்.

கணவர் போனைப் பார்த்துக்கொண்டே, "படம் நல்லா வந்திரிக்கு" என்றார்.

அந்தக் கணத்தில் அவரை அடித்திருப்பேன். யானை என்றால் என்னவென்று தெரியாத மனிதரில்லை அவர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டையில், விளைந்த நெல்லுக்குக் காவல் நின்ற என் அப்பாவை யானை மிதித்தபோது, அவரை ட்ரக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இவர்தான். அப்பாவுக்கு இடது காலை எடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் அப்பாவைப் பார்க்கப் போனோம். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். கணவர் போனை ஒவ்வொருவரிடமும் நீட்டினார். "கிட்டப் போய் நிண்டன். ஆன என்னப் பாத்திட்டுத் திரும்பிப் போயிற்று" என்றார். அப்பாவிடமும் நீட்டினார். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அது திரும்பிப் போகல்ல. சாரதிதான் உங்கள இழுத்துப் போட்டவர்" என்றேன் எல்லாருக்கும் கேட்க. "உங்கட பிள்ள கதறினது கேக்கல்லயா? இந்தப் படத்தக் காட்ட இந்த வீடா கிடைச்ச?"

வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "ஆக்களுக்கு முன்னால என்னக் கேவலப்படுத்திப்போட்டாய்" என்றார்.

"ஓம்" என்றேன்.