கை கொடுத்தவள்

வீட்டில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பட்டப்பெயர். கடல் தாண்டி பிசியோதெரபி படிக்கப் போனவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? டாக்டரம்மாவின் லட்சணம் மருத்துவமனைப் பயிற்சியில் தெரிந்துவிட்டது. நோயாளி தானாக எழ வேண்டும். விழப்போனால் மட்டும்தான் அவரைத் தொடலாம். இவளோ யாராவது லேசாகத் தள்ளாடினாலே ஓடிப்போய்த் தாங்கிவிடுவாள். போன பருவம் அதற்காகவே ஃபெயில். இன்னொரு முறை ஃபெயிலானால் படிப்பும் போச்சு, விசாவும் போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு அதே பாடத்தைப் போனில் நடத்தியவள் இவள்தான். கட்டின புருஷன் தடுமாறுவதைக் கை கட்டிப் பார்க்கச் சொல்கிறாயே என்று அம்மா அழுதபோது, அதட்டி அடக்கினாள். ஊருக்குத்தானே உபதேசம்.

மறுபரீட்சைக்கு வந்த நோயாளி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்கு இடது பக்கம் விளங்காது. நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்தார். முழங்கால் நடுங்கியது. பாதி எழுந்தவர் அவளைப் பார்த்தார். அப்பா பார்ப்பது போலவே இருந்தது. அவ்வளவுதான், பாழாய்ப்போன கை அவர் அக்குளுக்கடியில் போய்விட்டது.

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். நோயாளி தானாக எழுந்துகொண்டுதான் இருந்தார், நீ அதைப் பறித்துவிட்டாய் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. டிரைவர் அவளுக்காகப் பரிந்து பேசிப் பார்த்தார். எடுபடவில்லை.

உடை மாற்றும் அறையில் பெயர் அட்டையைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊர் திரும்புவது? பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அழக்கூடத் தோன்றவில்லை. அப்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு.

திரையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சுவரைக்கூடப் பிடிக்கவில்லை. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நாலு எட்டு வைத்தார்.

"நீ சொன்னபடி ஒரு விரல்கூடக் கொடுக்கலடி," என்றாள் அம்மா. "அவர் தள்ளாடுறப்பல்லாம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னேன். இப்பப் பாரு."

அப்பா கோணிய வாயால் சிரித்து, டாக்டரம்மா பரீட்சை என்னாச்சு என்று குழறிக் கேட்டார்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அம்மா பாஸாகிவிட்டாள்.

"நான் கை கொடுத்துட்டேன்மா."

"யாருக்குடி?" என்றாள் அம்மா, சிரிப்பு மாறாமல்.