எக்ஸ் என்றால் பத்து

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். நகருக்குள் போகும் ரயிலுக்குப் பதின்மூன்று யூரோ. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று திட்டிக்கொண்டே வாங்கினேன். அரை மணி நேரத்தில் கார் து நோர் நிலையம். அங்கிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடத்தில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல். ஈஃபில் கோபுரத்தை விட்டுவிட்டு முதல் வேலையாக இங்கே வருகிறவளைச் சுற்றுலாப் பயணி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் வந்ததோ ஒரு பழைய ஆபாசப்படத் தியேட்டரைப் பார்க்க.

பதறாதீர்கள். பழைய தியேட்டர்களைப் பற்றி எழுதுவது என் வேலை. லா சப்பல் சந்து ஒன்றில் பல வருடம் மூடிக் கிடந்த அந்த அரங்கை, அக்கம்பக்கத்தார் சேர்ந்து குடும்பத்தோடு படம் பார்க்கும் இடமாகத் திறக்கிறார்கள். திறப்பதற்கு முன் அதன் பழைய கதையை மறைக்காமல் பேச ஒரு கூட்டம். பேசப்போகிறவர்களில் ஒருவர் தமிழ்ப்பெண் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கிளம்பிவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்தேன். ஜோசப்பின் அக்கா, இலங்கையின் மன்னார்க்காரர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, அந்தத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். தேநீர் ஒன்றரை யூரோ, வடை ஒரு யூரோ. எனக்கு வடையை நீட்டிவிட்டு அவர் பேசத் தொடங்கினார்.

"அது என்ன தியேட்டர் எண்டே எனக்குத் தெரியாது, தங்கச்சி. வாசல்லை பெரிசா எக்ஸ் எண்டு போட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலை ரோமன் இலக்கம் படிச்சனாங்கள்தானே? எக்ஸ் எண்டால் பத்து. இஞ்சை லா சப்பலும் பாரிசிலை பத்தாம் வட்டாரம். பத்தாம் வட்டாரத்துச் சினிமாவாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

நான் வடையை வைத்துவிட்டுச் சிரித்தேன். "உள்ள எட்டிக்கூட பாக்கலையா அக்கா?"

"கெஸ்ஸை விட்டிட்டு எப்பிடிப் போறது? காசு வாங்கிற இடமெல்லே? மூண்டாம் நாள், படமெசின் ஓட்டுறவருக்குச் சாப்பிடப் பாண் கொண்டுபோய்க் குடு எண்டு அனுப்பிச்சினம். போனன். திரையைப் பாத்தன். பாணை அங்கையே போட்டிட்டு ஓடி வந்திட்டன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எழுபதுகளின் நடுவில் இத்தகைய படங்கள் பிரான்சில் சாதாரணத் தியேட்டர்களிலேயே வெளிப்படையாக ஓடி, கூட்டம் அலைமோதியிருக்கிறது. அரசு விழித்துக்கொண்டு அவற்றுக்கு எக்ஸ் என்று தனிப் பிரிவு வைத்தது. தனி வரி, தனி அரங்கு. வாசலில் படம் எதுவும் ஒட்டக்கூடாது, பெயரை மட்டும் எழுதலாம். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். பிறகு வீடியோ கேசட் வந்து பாதிக் கூட்டத்தை வீட்டில் உட்கார வைத்தது. இணையம் வந்தபோது மிச்சமிருந்த அரங்குகளும் ஒவ்வொன்றாக மூடின.

"தெரிஞ்ச பிறகும் ஏன் இருந்தீங்க?"

"அழுதனான். ஆனா இஞ்சை இருக்கிறதுக்குப் பாப்பியே எடுக்கச் சம்பளத் துண்டு வேணும். காயிதம் இல்லாட்டி இந்த நாட்டிலை ஆள் இல்லை. நிண்டிட்டன்."

ஊராரிடம் தபால் கந்தோரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாராம். பக்கத்து ஊரான சென் தெனியின் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் அவர் பாடுகிறவர். போன வாரம் பாடற்குழுவிடம் உண்மையைச் சொல்லி, கூட்டத்துக்கு வரும்படி கேட்டிருக்கிறார். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்களாம். பல வருடமாகப் பக்கத்தில் நின்று பாடும் சிநேகிதி பிலோமினா மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

"இண்டைக்கு அவ வராட்டில், இனி அங்கை எனக்கு இடமில்லை எண்டுதான் அர்த்தம்," என்றார். அவருடைய தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அப்புறம் எதுக்குக்கா பேசணும்?"

"அந்தப் படங்களைப் பற்றி எத்தினையோ பேர் கதைச்சிட்டினம். அங்கை வேலை செய்த எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்பதான் கேக்கினம். கேக்கேக்கை ஒளிக்கிறதே?"

இரண்டு மணிக்கு அரங்கில் புதுப் பெயின்ட் வாசனை. வெள்ளையரும் நம்மவருமாக இருக்கைகள் நிறைந்திருந்தன. பாடற்குழுவில் ஒருவர்கூட இல்லை. அக்கா மேடையேறி, ஒவ்வொன்றையும் முதலில் பிரெஞ்சில் சொல்லி, பிறகு தமிழில் சொன்னார். அவர் குரல் நடுங்கவே இல்லை.

"எங்கடை ஆக்களும் படம் பாக்க வருவினம். கண்ணாடிக்குப் பின்னாலை தமிழ்ப் பொம்பிளையைக் கண்டவுடனை, 'அக்கா, கோயிலுக்கு எப்பிடிப் போறது?' எண்டு கேப்பினம். நானும் வழி சொல்லி விடுவன். பாரிசிலை பிள்ளையார் கோயிலுக்கு என்னை மாதிரி ஆள் சேத்த வேதக்காரி வேறை ஒருத்தியும் இல்லை."

அரங்கம் அதிர்ந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூன்றாமவர் மட்டும் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் கதவு திறந்தது. குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் நாலு பெண்கள் பின்னால் வந்து நின்றார்கள். அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். முன்னால் நின்ற பெண் கையை உயர்த்தினார். அவர்தான் பிலோமினா என்று அக்காவின் முகமே சொல்லிவிட்டது.

"என்னட்டை ஏன் தபால் கந்தோர் எண்டு சொன்னனீ?"

"நீ என்னோடை கதைக்கமாட்டாய் எண்டு பயந்தனான்."

"ஓம். அப்ப கதைச்சிருக்க மாட்டன்தான்," என்றார் பிலோமினா. பிறகு பக்கத்திலிருந்த இருக்கையை விரித்து உட்கார்ந்தார். "இப்ப கதைக்கிறன்தானே. நீ சொல்லு."

அக்கா சொன்னார். இன்னும் அரை மணி நேரம் சொன்னார்.

ஆறு மணிக்குக் கார் து நோர் நோக்கி நடந்தோம். மறுநாள் பூசைக்கு எந்தப் பாட்டு என்று அக்காவும் பிலோமினாவும் எனக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

எங்கள் ஊரில் இத்தகைய படங்களைக் காலைக்காட்சியாக ஓட்டிய தியேட்டர் இன்று கல்யாண மண்டபம். வெள்ளையடித்ததோடு கதை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அங்கே டிக்கெட் கிழித்தவர்களும் கூட்டிப் பெருக்கியவர்களும் அதே தெருக்களில்தான் இருப்பார்கள். திரும்பியதும் தேடிப் போய்க் கேட்கப் போகிறேன். சொல்வதற்கு ஆள் இருக்கும். கேட்கிறவர்கள் எழுந்து போனாலும், திரும்பி வந்து உட்கார்ந்தால் போதும்.