செங்கொடியின் பழுப்புக் குட்டிகள்

கூண்டைத் திறக்கும் முன் விரலால் இரண்டு தட்டு. "இன்னா நைனா, எழுந்துகினியா?" மாதவரத்து ஆய்வுக்கூடத்து எலிகளுக்குச் செங்கொடி தினமும் சொல்லும் காலை வணக்கம் இது. வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வரும் ஆராய்ச்சி மாணவி. பூ கிடையாது, பவுடர் கிடையாது. வாசனை பட்டால் எலிகள் மிரளுமாம். "வூட்டுக்குப் போனா எங்கம்மா என்னெ மோந்து பாத்துட்டுதான் உள்ள வுடுது" என்று சிரிப்பாள்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் கூச்சமே படமாட்டாள். "ஆண் எலியோட விரைல கதவு மாதிரி எடம் கீது, ஹார்மோன் வந்து அதத் தட்டும். கறுப்பு வம்சத்துக்கு நெறைய கதவு கீது, வெள்ளைக்குக் கம்மி. தீனியால இல்ல, பொறப்பால. அப்பன் வழியா, ஆத்தா வழியான்னு கண்டுபுடிச்சுட்டா நான் டாக்டரு!"

அதற்காகக் கறுப்பு அப்பன், வெள்ளை அம்மா பெற்றவை ஒரு கூண்டில். வெள்ளை அப்பன், கறுப்பு அம்மா பெற்றவை இன்னொன்றில். குட்டிகளோ இரண்டிலும் ஒரே பழுப்பு. காதில் ஓட்டை போட்டு அடையாளம் வை என்று வழிகாட்டி எல்சி மேடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. கேட்டால்தானே! "மூஞ்சியப் பாத்தா தெரியாதா மேடம்? நான் வளத்த புள்ளைங்க."

அது தண்ணீர்ப் பஞ்ச வருஷம். லாரி வந்தால்தான் கூண்டு கழுவல். ஒருநாள் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடிக்க, இரண்டு கூண்டுக் குட்டிகளையும் ஒரே பக்கெட்டில் விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினாள். கூண்டுகளைக் கழுவி முடித்து முதல் குட்டியைத் தூக்கினாள். "இது கறுப்பன் புள்ள." இரண்டாவதைத் தூக்கினாள். அதே மூஞ்சி. முதலாவதை மறுபடி பார்த்தாள். இப்போது அதுவும் சந்தேகம். ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எலிகளுக்குத் தீனி வைக்கும் ஹபீபுல்லா மெதுவாகச் சொன்னார்: "பாதி இதுல, பாதி அதுல வுடும்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் பாய்."

ஒரு குட்டியைக்கூட ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. தானே போய் எல்சி மேடத்திடம் நடந்ததைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பட்டம் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. பெற்றவர்களை மறுபடி ஜோடி சேர்த்துவிட்டு, "இன்னா இப்போ? திரும்பப் பெத்துக்கும்" என்றாள்.

பெற்றுக்கொண்டன. குட்டிகள் பால் மறந்த அன்று வழக்கம்போல் இரண்டு தட்டுத் தட்டிக் கூண்டைத் திறந்தாள். முதல் குட்டியை உள்ளங்கையில் அடக்கி, காதில் துளைக்கருவியை வைத்து அழுத்தினாள். கீச்சென்று ஒரு சத்தம். "அவ்ளோதான் நைனா, அவ்ளோதான்." கருவியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையால் தன் காதைப் பிடித்துக்கொண்டாள்.