அக்காவின் நாவலில் ஓடிய லோரி

துருப்பிடித்த ஒரே ஒரு லோரியை வைத்துக் கிள்ளானில் கம்பெனி கட்டினேன். சேறும் முட்செடியுமாய்க் கிடந்த இடத்தைத் தூர்த்துக் கொட்டகை போட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், இரண்டு பிள்ளைகளை என்ஜினியர் ஆக்கினேன். இதையெல்லாம் ஊரே ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேசைமேல் கைப்பேசி நாவல் படித்துக்கொண்டிருந்தது. பெண் குரல். பக்க எண்ணையும் சேர்த்துப் படிக்கிறது. அக்கா பக்கத்து வீட்டு அம்மாவிடம், "மகன் வாங்கிக் குடுத்தான். இனிமே இதான் என் கண்ணு" என்றாள். எனக்குக் கொடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

அந்தக் காலத்தில் பிஸ்கட் ஏது? அக்காவின் பிளாட்டுக்குக் கீழே கடையில் சுடச்சுட மசால் வடை. அக்காவின் புத்தகங்களில் எண்ணெய்க் கறை படாத பக்கமே இருக்காது. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவள் கண்ணை மங்கவைத்தபோது அந்தக் கறைதான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

"எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுடா" என்றாள். விடுவேனா? லோரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்க வைத்திருந்த பெரிய விளக்கைக் கொண்டுவந்து மாட்டினேன். எதிர் பிளாட்காரர், "அங்கிள், கல்யாணமா லா?" என்று கத்தினார். பிறகு நாவலைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்தேன். புத்தகம் அரிசி மூட்டை அளவுக்கு வந்தது. அக்கா அதன்மேல் காலை நீட்டிக்கொண்டாள்.

கடைசியில் நானே படித்தேன், விரல் வைத்து, எழுத்துக் கூட்டி. ஆசிரியர் இரண்டு பக்கத்துக்கு மழையை எழுதியிருந்தார். "மழை பெஞ்சுது" என்று முடித்தேன்.

"டேய், எனக்கு அந்த மழை வேணும். ஒழுங்கா படி."

படித்தேன். வியர்த்துவிட்டது. அதற்குப் பழியாக, ரயிலில் போகிற கதாநாயகனை லோரியில் ஏற்றிவிட்டேன்.

"ரயிலு எங்கடா?"

"லேட்டுக்கா. லோரின்னா நேரத்துக்குப் போயிடும்."

வடை புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். புத்தகங்கள் பேப்பர்காரனுக்குப் போகவில்லை. அப்புறம் எந்தக் கதை எடுத்தாலும், "லோரி எப்படா வரும்?" என்று அவளே கேட்பாள். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அப்படியே ஓடும்.

இப்போது சனிக்கிழமைக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. வடைக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அக்கா மகன் அங்கேதான் வாங்கினானாம்.

போன வாரம் கைப்பேசி படித்தது அதே நாவலைத்தான். கதாநாயகன் ரயில் ஏறினான். அக்கா கையை நீட்டித் தடவி அதை நிறுத்தினாள்.

"சுத்தமா படிக்குது. ஆனா இதுக்கு லோரி ஓட்டத் தெரியல."

பக்கத்து வீட்டு அம்மா விழித்தார். அக்கா விளக்கம் சொல்லவில்லை. அதுதான் என் வழக்கு. அக்கா, கைப்பேசியைப் புகழு, மகனைப் புகழு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை அந்த அம்மா வரும்போது, லோரியை ஓட்டியது யார் என்று என் பேரைச் சொல்லியே ஆக வேண்டும்.