கடும் நிறமான மாவட்டம்

என் மகன் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன். திரும்பி வரவில்லை. அவன் கட்டிய பெண்ணின் பெற்றோர் சிலி நாட்டிலிருந்து அகதியாக வந்தவர்கள். மருமகளும் பேத்தியும் ஒஸ்லோவில், அம்மருட்டில், எங்கள் கட்டடத்திலேயே ஒரு மாடி கீழே இருந்தார்கள். காலையில் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். அந்தப் பிள்ளையின் சத்தத்தில்தான் நானும் மனைவியும் உயிரோடு இருந்தோம்.

மகனின் இரண்டாவது திவசத்தன்று, படைத்துச் சாப்பிட்ட பிறகு, மருமகள் தன் போனை என் முன்னால் வைத்தாள். நோர்வே வரைபடம். தென்னமெரிக்கச் சனம் கூட இருக்கிற மாவட்டங்கள் கடும் நிறம், மற்றவை வெளிறல். ஸ்தவாங்கர் நகரம் இருக்கிற மாவட்டத்தில் விரலை வைத்தாள்.

“மாமா, நானும் பிள்ளையும் இஞ்சை போகப்போறம். அம்மாவும் தங்கச்சிமாரும் அங்கைதானே.”

அவள் கதைப்பது நோர்வே மொழி. ‘மாமா’ மட்டும் தமிழ். மகன் பழக்கியது.

எனக்குப் படிப்புக் குறைவு. நிறம் தெரியும்தானே. “ஒஸ்லோ இன்னும் கடும் நிறமாக் கிடக்கே, பிள்ளை? உங்கடை ஆக்கள் இஞ்சைதான் கூட!” என்றேன். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

“அது பெரு ஆக்கள், கொலம்பியா ஆக்கள், மாமா. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஓடிவர அந்த நிறத்துக்கை எனக்கு ஆர் இருக்கினம்?”

“நாங்கள் இருக்கிறமே!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “லிப்டுக்கையும் அவர்தான் நிக்கிறார், மாமா. இந்தக் கட்டடத்திலை எனக்கு மூச்சு முட்டுது.”

மனைவி வாழையிலையைச் சுருட்டிக்கொண்டே வாயைத் திறந்தாள். “இஞ்சேருங்கோ, அங்கை வடக்கை, பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டேக்கை சம்பளமும் வீடும் இருந்ததுதானே? எங்கடை சனமும் கோயிலும் வேணுமெண்டு ஒஸ்லோவுக்குப் பெட்டியைக் கட்டினது ஆர்? உங்களுக்கொரு நியாயம், அவளுக்கு வேறையோ?”

போனை மருமகளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். குடும்பத்துக்கு அர்ச்சனை. ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். மகன் போனபிறகு எத்தனையோ வெள்ளி கவனமாகச் சொல்லி வந்தவன் நான். அன்று குடும்பம் கூடி நின்றதாலோ என்னவோ, பழைய வரிசையிலேயே வாய் போய்விட்டது. மகனின் பேரையும் பூசத்தையும் சொல்லிவிட்டேன்.

செத்தவருக்கு அர்ச்சனை இல்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். மருமகளுக்குத் தமிழ் தெரியாதுதான். தன் புருசனின் பேர் விளங்காமல் போகுமா? என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“பேத்தியின்ரை நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ, ஐயா,” என்றார் ஐயர், மெல்ல.

“ரேவதி,” என்றேன். ஐயருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

இப்போதும் வெள்ளிதோறும் பேத்தியின் ரேவதி நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்கிறேன். போனில் பிள்ளை என்னை “அப்பப்பா” என்று கூப்பிட்டுத் தொடங்கும். அதற்குள் அங்கே யாரோ ஸ்பானிய மொழியில் கூப்பிட, ஓடிவிடும். ஓடட்டும். தூக்கி வைத்திருக்க ஆட்கள் இருக்கிற இடத்தில் பிள்ளை வளரட்டும், முருகா. அதைத்தான் கேட்கிறேன். கேட்கும்போதே அழுகை வந்துவிடுகிறது.

மருமகள் இருந்த கீழ் வீட்டுக்குப் புதுச் சனம் வந்திருக்கிறது. அவர்களின் குழந்தை அழுதால் மனைவி கதவடிவரை எழுந்து போகிறாள். பிறகு நினைவு வந்து, திரும்பிவந்து இருக்கிறாள்.